மகள் பெயரில் எடுத்த எக்ஸ்ரே

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதக் காலை. பதினோரு மணி இருக்கும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சோமனூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று எட்டு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு விஷயத்தை, அங்கே நின்று, அத்தனை கூட்டத்துக்கும் கேட்கும்படி போனில் கத்திச் சொன்னேன். அந்த நேரத்தில் வெட்கமாக இல்லை. வெட்கம் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே மகள். அவள் பிளஸ் டூ படிக்கும்போதே என் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன எட்டுத் தறிகளையும் நானே ஓட்டி, மகளை என்ஜினியரிங் படிக்க வைத்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நல்ல வேலை அவளுக்கு. கல்யாணப் பேச்சு ஆரம்பித்தபோதுதான் ஊர் புத்தியைக் காட்டியது. இரண்டு வரன்கள் வந்து, பலகாரம் சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போய் அப்புறம் தகவலே இல்லை. விசாரித்தால், "அப்பனுக்குக் கிட்னி போயிருக்குது, பொண்ணுக்கும் வராதுன்னு என்ன நிச்சயம்? சீக்காளி ஊடு வேண்டாமுங்க" என்று சொன்னார்களாம். சீக்காளி வீடு! அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து, என் வீட்டில் யாராவது தும்மினால்கூட ஜன்னலைச் சாத்துகிற ஆளாக மாறிப்போனேன்.

மூன்றாவதாக வந்தவர்தான் இப்போதைய மாப்பிள்ளை. சொந்த ஊர் உடுமலைப் பக்கம். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. மகளுக்கும் பிடித்துப்போயிற்று. உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் முடித்தோம். ஆவணியில் கல்யாணம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டார். கொஞ்சம் தயங்கித்தான் பேச்சை எடுத்தார்.

"அத்தைங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க பல்லு வைத்தியம் ரொம்பக் கஷ்டமுங்க. ஒடம்புக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குது, பல்லுக்குத் தனியா எடுக்கோணும். வரும்போதே கெட்டுப்போயிருந்த பல்லுன்னா அதுக்கு ஒரு வருசத்துக்கு ஒண்ணும் தரமாட்டாங்க. அதனால பல்லு, ஒடம்பு ரெண்டையும் அங்கயே ஒருக்கா முழுசா காமிச்சு, செய்ய வேண்டியதச் செஞ்சுபோட்டு வரட்டுங்க. ரெண்டு மாசம் தள்ளி வந்தாலும் பரவால்லீங்க. செலவ வேணும்னா நானே அனுப்பறேனுங்க."

அதோடு தன்னுடைய பரிசோதனைக் காகிதங்களையும் போனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லி, பார்க்கச் சொன்னார். நான் அதைத் திறக்கவே இல்லை.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இப்போது எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்குகிறவன்தான் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பான். என் மகளைச் சந்தையிலா நிறுத்தியிருக்கிறேன்? செலவை வேறு அவர் தருகிறாராம். ஒரு பல்லுக்குச் செலவு பண்ண வக்கில்லாதவளா நான்? இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிரித்த முகமாக, "என்ர பொண்ணுக்கு ஒரு சொத்தைப் பல்லுகூடக் கெடையாதுங்க மாப்ளை. இருந்தாலும் நீங்க சொல்றீங்க, காமிச்சு ரிப்போர்ட் அனுப்பிச்சறேன்" என்றேன்.

சொத்தைப் பல் இருந்தது. கீழ்க் கடைவாயில், காலேஜ் படிக்கும்போது அடைத்த பல். அடைப்புக்குக் கீழே மறுபடியும் கெட்டுப்போய், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலி எடுக்கும். கிராம்பு வைப்பாள், மாத்திரை போடுவாள், அடங்கிவிடும். நிச்சயத்துக்குச் சில வாரங்கள் முன்பு வலி அதிகமாகி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வேளை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு. உதடு இரண்டும் பணியாரம் போல உப்பிவிட்டன. பயந்துபோய் மெடிக்கல்காரரிடம் ஓடினேன். அவர் வேறு மாத்திரை கொடுத்துவிட்டு, "இந்த மருந்து இந்தப் புள்ளைக்கு ஆகாதுங்க. இனி எந்த டாக்டர்கிட்டப் போனாலும் மறக்காமச் சொல்லிப்போடுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை சொன்ன அன்றே மகள், "நாளைக்கே போய்க் காமிச்சுக்கலாம்மா. அவரு ஒண்ணும் தப்பாக் கேக்கலயே. கெட்டுப்போன பல்லுன்னு சொன்னா என்ன இப்ப?" என்றாள்.

என்னவா? எனக்கு இருந்த பயம் எனக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் பல் டாக்டர் கிளினிக்கின் பெஞ்சு ரோட்டைப் பார்த்துக் கிடக்கும். நிச்சயமான பெண் அங்கே நாலு தடவை போய் உட்கார்ந்தால் ஐந்தாவது நாள் உடுமலைக்குச் செய்தி போய்விடும். பல்லில் ஆரம்பித்துக் கிட்னியில் போய் முடிப்பார்கள். வேர் வரைக்கும் சுத்தம் பண்ணினால் முகம் வீங்கும், மணவறையில் வீங்கின கன்னத்தோடு உட்கார முடியுமா என்றும் ஒரு கவலை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நான் ஒரே ஒரு பொய் சொல்லிக்கொள்கிறேன், கல்யாணம் முடிந்து பத்து நாளில் பல்லைப் பார்த்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

என் தங்கை ஆனைமலையில் இருக்கிறாள். அவளுடைய மகள் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். என் மகளைவிட நான்கு வயது சின்னவள். பல்வரிசை அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு, எங்களை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய கிளினிக்குக்குப் போனேன். பாரத்தில் என் மகளின் பெயரை எழுதச் சொன்னேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. "பெரிம்மா, எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரோணும்" என்று சிரித்துக்கொண்டே எழுதினாள். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லைன்னு எழுது கண்ணு" என்றேன்.

மகளின் உப்பிய உதடு அந்த நேரத்தில் என் கண்முன் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். வந்தது. அதைத் தள்ளிவிட்டுத்தான் சொன்னேன். மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதினால் எப்போது எதற்காக மருந்து சாப்பிட்டாள் என்று கேள்வி வருமே என்று பயம்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லு முத்தாட்டம் இருக்குதுங்க, ஒரு வேலையும் இல்லை" என்றார். கேட்டதும் என் மகளையே புகழ்ந்த மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது. பைத்தியக்காரத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? அந்த ரிப்போர்ட்டையும் எக்ஸ்ரேயையும் அன்றே மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். "ரொம்பச் சந்தோசமுங்க அத்தை" என்று பதில் வந்தது. அதை நம்பி, பல்லுக்கென்று தனி இன்சூரன்ஸ் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கிறார். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் தலைமேல் அவள் கையை வைத்து, "இது நம்ம மூணு பேரோட போகோணும். பல்லு வலின்னு அவருகிட்ட நீ சொன்னா, உங்கம்மா பொய்க்காரின்னு ஆயிரும். தாங்கிக்கோ அம்மணி, எப்படியாச்சும் நான் சரி பண்ணறேன்" என்று சத்தியம் வாங்கினேன். அப்பா இல்லாத பெண். அம்மா தலைமேல் வைத்த கைக்கு அவளிடம் இருந்த மரியாதை எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

கல்யாணம் முடிந்ததும் விருந்துக்குப் போகவும் வரவும் நேரம் சரியாக இருந்தது. விசா நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. ஐப்பசியில் கிளம்பிவிட்டாள். பல்லைப் பார்க்கவில்லை. ஏர்போர்ட்டில் அவள் கைப்பைக்குள் ஒரு கிராம்புத் தைல பாட்டிலைத் திணித்தேன். அவள் அதைத் துணிகளுக்கு அடியில் தள்ளி, பையை மூடினாள்.

மாசி மாதம் அவள் முழுகாமல் இருக்கிற செய்தி வந்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரோ ஒருவர் அமெரிக்கா போகிறார், கொடுத்தனுப்பலாம் என்றுதான் அந்தப் பங்குனியில் காந்திபுரம் வந்து மெல்லிசான பருத்தி நைட்டிகள் நாலு எடுத்தேன். நான்கு நாளாக மகள் போனில் சரியாகப் பேசவில்லை. சளி, தொண்டை கட்டியிருக்கிறது என்று மெசேஜ் மட்டும் அனுப்பினாள். மசக்கை நேரம், இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தது. சுற்றிலும் ஹாரன், கண்டக்டர்கள் போடும் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களாம். மகளுக்கு முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு விட முடியாமல் போய், ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்களாம். பல் வேரில் பிடித்த சீழ் தாடை வழியாகக் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை நெருக்குகிறதாம். தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சுவிட வைக்கப் போகிறார்களாம்.

அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"அத்தை, அந்த எக்ஸ்ரே யாருதுங்க?"

துணிப் பையைக் கீழே வைத்துவிட்டு, போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்தேன்.

"நீங்க அனுப்புனதை டாக்டருகிட்டக் காமிச்சேன். இது இவங்க வாயே இல்லைங்கறாங்க. படத்துல இருக்கற பல்லு இவளுக்கு இல்லை, இவளுக்கு அடைச்சிருக்கற பல்லு படத்துல இல்லை. கோபிச்சுக்கறதுக்காகக் கேக்கலீங்க. ரிப்போர்ட்ல மருந்து அலர்ஜி எதுவும் இல்லைன்னு இருக்குது. அதாச்சும் நெசமுங்களா? இப்ப மருந்து ஏத்தப் போறாங்க. அவளால பேச முடியல."

இங்கேதான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கணத்திலும் என் வாயில் முதலில் வந்த வார்த்தை, "அவளுதுதானுங்க மாப்ளை" என்பதுதான். பழகின பொய் அப்படித்தான் தானாக வந்து விழுகிறது. பிறகு, "அத்தை, புள்ளை செத்துப்போயிருமுங்க" என்றார். முதல்முறையாக அவர் குரல் உடைந்தது.

அப்புறம்தான் கத்தினேன். லைன் விட்டுவிட்டு வந்தது, அவருக்குக் கேட்கவில்லையோ என்று தொண்டை கிழியக் கத்தினேன். "அது என்ர தங்கச்சி மவ பல்லுங்க! என்ர பொண்ணுக்குப் பல்லு கெட்டுத்தான் இருந்துச்சு! நாந்தான் பொய் சொன்னேன்! மருந்து ஒண்ணு அவளுக்கு ஆகாதுங்க, ஒடம்பெல்லாம் தடிச்சு உதடு வீங்கிப்போச்சு! அதைக் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க!" நின்றிருந்த பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"மருந்துப் பேரு என்னங்க?"

பெயர் தெரியாது எனக்கு. தலையாட்டிவிட்டு வந்தவள்தானே நான்! கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு மெடிக்கல்காரரைக் கூப்பிட்டேன். நல்லவேளை, எடுத்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது. பெயரைச் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. போனைக் கீழே போடப் பார்த்தேன். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண், நாற்பது வயது இருக்கும், பிடித்துக்கொண்டார். நான் கத்தினது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. "இங்க குடுங்கக்கா, நான் கேட்டு அடிச்சு அனுப்பறேன். நீங்க மொதல்ல உக்காருங்க" என்று மெடிக்கல்காரரிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, மாப்பிள்ளையின் நம்பருக்கு அனுப்பினார். பதில் வரும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். "டாக்டருகிட்டச் சொல்லிட்டேன்" என்று பதில் வந்ததும் வாசித்துக் காட்டினார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய பஸ் இரண்டு போயிருக்கும். நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சேதி தெரிந்து தங்கை மகள் அன்றே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். "பெரிம்மா, நான் போய் உக்காந்ததாலதானே" என்று சுவரில் முட்டி முட்டி அழுதாள். அவளைத் தேற்றுவதா, என்னைத் தேற்றுவதா? மாப்பிள்ளை ஆடியில் அனுப்பியிருந்த காகிதங்களைத் திறந்து படித்துச் சொல்லச் சொன்னேன். அவருக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் இருக்கிறது, இரண்டு பல் வேர் வைத்தியம் பண்ணியது, அவருடைய அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் ஆனது என்று ஒன்று விடாமல் இருந்தது. கடைசியில், "நிச்சயம் ஆயிருச்சேன்னு பாக்க வேண்டாமுங்க. இதையெல்லாம் யோசிச்சு உங்க பொண்ணு சம்மதம் சொன்னாப் போதுமுங்க அத்தை. வேண்டாம்னாலும் வருத்தப்பட மாட்டேன்" என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டைச் சீக்காளி வீடு என்று அவர் நினைக்கவே இல்லை. தன் வீட்டுச் சீக்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்களைக் கேட்டிருக்கிறார். நான் அதைத் திறந்து பார்க்காமலே கோபப்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "குழந்தை நிக்கலீங்க அத்தை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் போனைக் காதில் வைத்தபடி தறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மகள் பிழைத்துவிட்டாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஆளே பாதியாக வீட்டுக்கு வந்தாளாம். எனக்கு விசா கிடைக்கவில்லை, போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. எவ்வளவு செலவானது என்று மாப்பிள்ளை இன்றுவரை சொன்னதில்லை. கேட்டால், "அத விடுங்க அத்தை" என்பார். என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவர் கேட்டது மகளிடம்தான். "உங்கம்மா சொன்னாங்க சரி, எங்கூட இருந்துட்டு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று. அதிலிருந்து அவள் எதைச் சொன்னாலும், தலைவலி என்றாலும் சரி, ஒன்றுமில்லை என்றாலும் சரி, "நெசமாவா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறாராம். கெட்ட மனசோடு கேட்பதில்லை, பயத்தில் கேட்கிறார் என்கிறாள். இருந்தாலும் ஒரு பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஒன்றரை வருடம் கழித்து ஊருக்கு வந்தாள். தொண்டைக்குழியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு. வாய் முன்போல முழுதாகத் திறக்காது, சோற்றைச் சின்னச் சின்னதாகத்தான் எடுத்துச் சாப்பிடுகிறாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தழும்பைப் பற்றிக் கேட்டபோது, "தைராய்டு கட்டிங்க, சின்ன ஆபரேசன்" என்று சிரித்தபடி சொன்னாள். அவ்வளவு சரளமாகச் சொன்னாள். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று புரிந்து, சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக்காவது வெளிநாட்டு மாப்பிள்ளை அமைந்தால், நானே போய் நடந்ததை முழுசாகச் சொல்லி, முதலில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ப் பல்லையும் உடம்பையும் காட்டுங்கள், இருப்பதை இருக்கிறபடி எழுதிக் கொடுங்கள், அவர்கள் வீட்டுக் காகிதத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் நான் போனபிறகு ஒருமாதிரியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும். பேசட்டும்.

தினமும் மகளோடு பேசுகிறேன். "எப்படி இருக்கே கண்ணு?" என்பேன். "நல்லா இருக்கேம்மா" என்பாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த வார்த்தையை நம்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் வலிக்கும்போது வலிக்கவில்லை என்று சொல்ல அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.